ஜப்பானில் குடியிருப்பவர்களுக்கான சகுரா வழிகாட்டி: பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை

வேலைக்கோ படிப்புக்கோ வந்து ஜப்பானில் வீடெடுத்துத் தங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டோக்கியோவை வைத்தே சொல்கிறேன். ஒசாகா, நகோயா, ஃபுகுவோகா என்று எங்கே இருந்தாலும் தேதி சில நாள் முன்பின் ஆகுமே தவிர, செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறாது.

வருடா வருடம் புதிதாக வந்த குடும்பங்களோடு ஹனாமிக்கு, அதாவது சகுரா என்ற செர்ரிப்பூவை மரத்தடியில் கூடிப் பார்க்க, போகிறேன். அவர்கள் தடுமாறும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். சுற்றுலா வந்தவர்கள் போல ஒரு தேதியையும் ஒரு பிரபலமான பூங்காவையும் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பூ அந்தத் தேதிக்கு ஒத்துவருவதில்லை. இங்கேயே இருக்கும் நமக்குப் பொறுத்திருந்து போகும் வசதி இருக்கிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாமே அந்த வசதியை வீணாக்காமல் இருக்கத்தான்.

1. பிப்ரவரியில்: வீட்டுப் பக்கத்து மரம் ஒன்றைப் பார்த்து வையுங்கள்

தினமும் நடக்கும் வழியில் ஒரு சகுரா மரத்தைக் கண்டுபிடியுங்கள். பள்ளிக்கூட மதில் ஓரம், கால்வாய்க் கரை, குடியிருப்புக்குள் இருக்கும் சின்னப் பூங்கா என்று எங்காவது ஒன்று கட்டாயம் இருக்கும். இலையில்லாத காலத்தில் பட்டையைப் பார்த்து அடையாளம் காணலாம்: கருத்த தண்டில் குறுக்கே கீறிவிட்டாற்போலக் கோடுகள் ஓடும்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், செய்தியில் சொல்லும் தேதி உங்கள் தெருவுக்கானது இல்லை. வெயில் நன்றாக விழும் கட்டடச் சந்தில் மரம் முந்திக்கொள்ளும். காற்று வாங்கும் ஆற்றங்கரையில் தாமதமாகும். ஒரே மரத்தைத் தொடர்ந்து பார்த்தால் மொட்டு தானே சொல்லிவிடும். பழுப்பு நிறத்தில் இறுக்கமாக இருப்பது முனையில் பச்சையாகும். அப்புறம் அது பிரிந்து, காம்போடு இளஞ்சிவப்பு மொட்டுகள் கொத்தாக நீளும். காம்பு நீண்டுவிட்டால் இன்னும் சில நாள்தான்.

இன்னொரு வேலையும் பிப்ரவரியிலேயே முடிக்க வேண்டும். சுகி மரத்தின் மகரந்தம் பிப்ரவரியிலிருந்து பறக்கும். ஹினோகி மரத்தின் மகரந்தம் சரியாக சகுரா நேரத்தில் சேர்ந்துகொள்ளும். முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்தவர்கள் பலருக்கு இரண்டு மூன்று வசந்தம் கழித்துத்தான் தும்மலும் கண் அரிப்பும் தொடங்குகின்றன. பிப்ரவரித் தொடக்கத்திலேயே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். தொல்லை முற்றுவதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும்.

2. மார்ச் தொடக்கத்தில்: கைக்காவும் மன்காயும் ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டிவியில் "டோக்கியோவில் கைக்கா" என்று அறிவித்ததும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் மரம் மொட்டையாகத்தான் நிற்கும்.

கைக்கா என்பது வானிலைத்துறை வைத்திருக்கும் மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்துவிட்டது என்ற அறிவிப்பு. டோக்கியோவுக்கான மாதிரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் இருக்கிறது. மன்காய் என்பது அந்த மரத்தில் 80 சதவீத மொட்டுகள் விரிந்த நிலை. நீங்கள் போக வேண்டியது மன்காயை ஒட்டி. இரண்டுக்கும் இடையே பொதுவாக ஒரு வாரம். குளிர் திரும்பி வந்தால் பத்து நாள் வரைகூட ஆகும்.

எந்தத் தேதி என்று இப்போதே சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று வருடக் கணக்கைக் காட்டுவேன். டோக்கியோவில் கைக்கா 2023இல் மார்ச் 14, 2024இல் மார்ச் 29, 2025இல் மார்ச் 24. அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்குள் பதினைந்து நாள் வித்தியாசம்! போன வருடத் தேதியை வைத்து இந்த வருடத்துக்குத் திட்டம் போடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இப்படி மாறுவதற்குக் காரணம் உண்டு. முந்தைய கோடையிலேயே உருவான மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தூக்கம் கலைய குளிர்காலத்தின் கடுங்குளிர் வேண்டும். பிறகு வளர வெப்பம் வேண்டும். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்து, 600 டிகிரியைத் தொடும்போது பூக்கும் என்று இங்கே ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் காலண்டரில் எழுதிப் பார்க்கலாம்.

தேதி முன்னறிவிப்பை வானிலைத்துறை 2010இலிருந்து தருவதில்லை. மாதிரி மரத்தைப் பார்த்து அறிவிப்பதோடு சரி. முன்னறிவிப்பு தருபவை வெதர்நியூஸ் போன்ற தனியார் நிறுவனங்கள். ஏதாவது ஒன்றின் செயலியைப் போட்டுக்கொண்டு, மார்ச் நடுவிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள். பிப்ரவரியில் சொன்ன தேதியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கைக்கா அறிவித்த பிறகு பூங்கா வாரியாக எவ்வளவு பூத்திருக்கிறது என்று பத்தில் 3 பங்கு, 5 பங்கு, 7 பங்கு எனப் போடுவார்கள். 7 பங்கைத் தாண்டியதும் கிளம்பலாம்.

மழை வந்தால் எல்லாம் போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கு: மன்காய்க்கு முன்னால் பெய்யும் மழையை இந்தப் பூ தாங்கிக்கொள்ளும். விரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருப்பதால் இதழ் எளிதில் கழலாது. மன்காய் தாண்டிய பிறகு ஒரு பலத்த காற்று அடித்தால்தான் ஆபத்து.

3. மார்ச் நடுவில்: ஒரு தேதிக்குப் பதிலாக மூன்று தேதி வைத்துக்கொள்ளுங்கள்

ஜப்பானில் நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்து ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. கணக்கு முடிப்பு, இடமாற்றம், வீடு மாற்றம், குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை விழா எல்லாம் இந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் குவியும். கடைசி நேரத்தில் விடுப்பு கேட்டால் கிடைப்பது கடினம்.

அதனால் மார்ச் நடுவிலேயே மேலாளரிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்: "இந்த மூன்று நாட்களில் ஏதாவது ஒரு நாள் அரை நாள் விடுப்பு வேண்டும், எது என்று இரண்டு நாள் முன்னால் சொல்கிறேன்." காரணம் சகுரா என்று வெளிப்படையாகச் சொல்லலாம். இந்த ஊரில் அது யாருக்கும் விநோதமாகத் தெரியாது.

கூட்டமாகப் போவதென்றால் அடுத்தடுத்த இரண்டு சனி ஞாயிறுகளையும் எல்லோரையும் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். எந்த நாள் என்பதை வியாழக்கிழமை இரவு முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரத்துக்கு முன்பே ஒரே ஒரு சனிக்கிழமையை அறிவிப்பதுதான் பாதி ஹனாமிகள் மொட்டை மரத்தடியில் நடக்கக் காரணம்.

4. இடம்: உட்காரவா, நடக்கவா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா இடத்திலும் ஷீட் விரிக்க முடியாது. மெகுரோ ஆற்றோரம் மரங்கள் 4 கிலோமீட்டருக்கு இரு கரையிலும் வளைந்து நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அது குறுகிய நடைபாதை. சாப்பாட்டுக் கூடையும் குழந்தை வண்டியுமாகப் போனால் நிற்கக்கூட இடம் கிடைக்காது. சிதோரிகஃபுச்சியும் நடக்கும் இடம்தான். அரண்மனை அகழியின் மேல் கிளைகள் தாழ்ந்து தொங்கும். படகில் போய்ப் பார்க்க வரிசை மிக நீளம். இப்படிப்பட்ட இடங்களுக்கு வார நாளில், காலை எட்டு மணிக்குள், வெறும் கையோடு போங்கள்.

உட்கார வேண்டுமென்றால் உஎனோ பூங்கா, யோயோகி பூங்கா, ஷின்ஜுகு கியோஎன் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றில் ஷின்ஜுகு கியோஎன்னுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. மதுவுக்கு அனுமதி இல்லை; வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். உச்ச நாட்களில் முன்பதிவு இல்லாமல் விடாத வருடங்களும் உண்டு, கிளம்பும் முன் அதன் தளத்தைப் பாருங்கள். இந்தக் கட்டுப்பாடுகளாலேயே சிறு குழந்தைகளோடு போக மூன்றிலும் இதுவே நல்ல இடம் என்பேன். புல்வெளி அகலம், சத்தம் குறைவு.

ஆனாலும் என் முதல் சிபாரிசு பெயர் பெற்ற பூங்கா எதுவும் இல்லை. எதோகாவா வட்டாரத்தில், நிஷிகசாய், ஃபுனாபோரி பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஃபுனாபோரியிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி ஹிகாஷி ஓஜிமா. அங்கே அராகாவா ஆற்றின் கரையில் கொமாட்சுகாவா செம்போன்சகுரா என்று சுமார் 2 கிலோமீட்டருக்கு மர வரிசை இருக்கிறது. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போனாலும் மரத்தடி கிடைக்கும். கரை உயரம் என்பதால் காற்று அதிகம், அதற்கு மட்டும் தயாராகப் போங்கள். இது மாதிரி ஒன்று உங்கள் வட்டாரத்திலும் இருக்கும். எது என்று பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டியைக் கேளுங்கள். அதைச் சாக்காக வைத்தே பேச்சுப் பழக்கமும் வந்துவிடும்.

போகும் பூங்காவில் நெருப்பு, கூடாரம், மது, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு என்ன விதி என்று வாசலில் பலகை இருக்கும். பூங்காவுக்குப் பூங்கா விதி வேறு. கைபேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

5. பை: குளிருக்கும் தரைக்கும் தயாராகுங்கள்

வெயில் அடிக்கிறதே என்று சட்டையோடு வந்துவிட்டு மூன்று மணிக்கு நடுங்குவதை வருடம் தவறாமல் பார்க்கிறேன். மார்ச் கடைசியில் பகலில் 15 டிகிரி இருக்கும். வெயில் இறங்கியதும் 10க்குக் கீழே போய்விடும். நடப்பவர்களுக்குத் தெரியாது, மூன்று மணி நேரம் தரையில் உட்கார்பவர்களுக்குத்தான் எலும்புவரை ஏறும்.

ஷீட்டுக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள். தரையின் ஈரமும் குளிரும் மேலே வராது, வேர் மேடும் உறுத்தாது. நூறு யென் கடை ஷீட் போதும், ஆனால் இரண்டாக வாங்குங்கள். 1.8 மீட்டர் சதுர ஷீட்டில் சாப்பாட்டோடு நான்கு பேர்தான் வசதியாக உட்காரலாம். ஆணி அடிப்பதைப் பல பூங்காக்களில் அனுமதிப்பதில்லை. தண்ணீர் நிரப்பிய பெட் பாட்டிலை நான்கு மூலையிலும் வையுங்கள்.

கட்டாயம் வேண்டிய மற்றவை: சூட்டுப் பொட்டலமான கைரோ, காற்றைத் தடுக்கும் மேலாடை, ஈரத்துணி, டாய்லெட் பேப்பர் ஒரு சுருள், குப்பைப் பை மூன்று. ஷீட்டில் ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். எளிதில் கழற்றி மாட்டும் காலணியும் தடித்த காலுறையும் நல்லது. குழந்தைகளை ஸ்டேஷனிலேயே கழிவறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். பூங்காவில் அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டி வரும்.

6. சாப்பாடு: வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்

அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்பது சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சரிவராது. கடைவரிசையில் கிடைக்கும் யாகிசோபா என்ற வறுத்த நூடுல்ஸில் பன்றி இறைச்சி இருக்கும். கோம்பினியில் (24 மணி நேரச் சிறுகடை) வாங்கும் உமெபோஷி ஓனிகிரியை, அதாவது உப்பிட்ட ப்ளம் வைத்த சோற்று உருண்டையை, சைவம் என்று நினைப்போம். பலவற்றில் கட்சுவோ மீன் சாறு சேர்ந்திருக்கும். சோற்றைப் பொதிந்து கொடுக்கும் இனாரியின் மேல் தோலான பொரித்த டோஃபுவும் பொதுவாக மீன் சாறில் வேகவைத்ததுதான். வெறும் உப்பு ஓனிகிரி, தள்ளுவண்டியில் வெண்ணெய் வைத்த வெந்த உருளைக்கிழங்கு, மூன்று நிற ஹனாமி தாங்கோ ஆகியவற்றை நம்பலாம். தாங்கோ பெரும்பாலும் அரிசி மாவும் சர்க்கரையும்தான். சகுராமோச்சி என்ற இனிப்பைச் சுற்றியிருக்கும் உப்பிட்ட இலையையும் சேர்த்தே சாப்பிடலாம்; அந்த உப்பு இருந்தால்தான் உள்ளே இருக்கும் இனிப்பு எடுக்கும்.

நம் சாப்பாட்டில் எது குளிரைத் தாங்கும் என்று யோசித்துச் செய்யுங்கள். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டால் விறைக்காது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எப்போதும் கைகொடுக்கும். தயிர் சாதத்தை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அந்தக் காற்றில் யாரும் தொடுவதில்லை. நான் மறக்காமல் எடுத்துப் போவது ஃபிளாஸ்கில் சூடான ரசம். காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தால் மாலை நான்கு மணிக்கு அதற்கு இருக்கும் கிராக்கி வேறெதற்கும் இல்லை.

ஜப்பானிய நண்பர்கள் வந்தால் பொதுப் பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லாமல், சின்னக் கப்பில் தனித்தனியாகக் கொடுங்கள். கூச்சப்படாமல் சாப்பிடுவார்கள். காரம் பாதியாகட்டும். வேர்க்கடலையும் முந்திரியும் இருப்பதை முன்பே சொல்லுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம்.

7. அன்றைக்கு: முதலில் ஆள், பிறகு ஷீட்

கூட்டமான பூங்காவுக்குச் சனி, ஞாயிறு போவதென்றால் ஒருவர் காலையிலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். ஷீட்டை விரித்து, பெயர் எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. உஎனோ போன்ற இடங்களில் ஆளில்லாத ஷீட்டுக்கு அனுமதி கிடையாது, அகற்றிவிடுவார்கள். இருவர் மாறி மாறி உட்காரும்படி ஏற்பாடு செய்யுங்கள். பத்துப் பேருக்கு இருபது பேர் இடத்தை வளைக்காதீர்கள்.

தண்டை ஒட்டி விரிக்க வேண்டாம். சகுராவின் வேர் ஆழமாகப் போவதில்லை. நாள் முழுக்க ஆட்கள் மிதித்தால் மண் இறுகி வேருக்குக் காற்றும் நீரும் போகாது. கிளையின் நுனிக்குக் கீழே உட்காருங்கள். பூ கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ந்து வருவதும் அங்கேதான். பிற்பகல் வெயில் எங்கே விழும் என்று பார்த்து இடம் எடுத்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரலாம்.

படமெடுக்கக் கிளையை இழுக்கக் கூடாது, குழந்தையை மரத்தில் ஏற்றக் கூடாது. சகுராவை வெட்டுபவன் முட்டாள், உமெ என்ற ப்ளம் மரத்தை வெட்டாதவன் முட்டாள் என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. சகுராவில் கிளை முறிந்த இடம் எளிதில் ஆறாது, அதன் வழியே அழுகல் இறங்கும். இதைப் புதியவர்களிடம் நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஒரு நிமிடப் படத்துக்காக ஒரு கிளையை இழக்கும் மரத்தைப் பார்த்தால் மனசு கேட்காது.

சாப்பிட்டு முடித்ததும் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு கொத்தை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நேற்றோ இன்றோ விரிந்த பூவின் நடு வெளிறிய பச்சையாக இருக்கும். உதிரப் போகும் பூவின் நடு அடர் சிவப்பாக மாறியிருக்கும். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிந்த மரத்தில் எந்தக் கிளை முந்தியது என்று இதைக் கொண்டே சொல்லிவிடலாம். தரையில் இதழ் பிரியாமல் முழுப் பூவாக விழுந்து கிடந்தால் அது பெரும்பாலும் சிட்டுக்குருவி செய்த வேலை. அடியில் கடித்துத் தேனை எடுத்துவிட்டுப் பூவைக் கீழே போட்டுவிடும். அவற்றைப் பொறுக்க குழந்தைகளை விடுங்கள், பறிக்கும் ஆசை அதிலேயே தீர்ந்துவிடும்.

8. கிளம்பும்போது: குப்பை வீட்டுக்கு

பூங்காவில் தொட்டி இருக்காது, இருந்தாலும் நிரம்பி வழியும். பக்கத்தில் குவித்து வைத்தால் விடிந்ததும் காக்கை கிழித்துவிடும். எரியும் குப்பை, பாட்டில், கேன் என்று மூன்று பையில் அங்கேயே பிரித்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டில் திரும்பப் பிரிக்கும் வேலை மிச்சம். குழம்பு, ரசத்தின் மிச்சத்தை மரத்தடியில் ஊற்றாதீர்கள். உப்பும் எண்ணெயும் வேருக்கு ஆகாது.

9. தவறவிட்டால்: பருவம் இன்னும் முடியவில்லை

செய்திகளில் பேசுவதெல்லாம் சோமெய் யோஷினோ என்ற ஒரே வகையைப் பற்றி. அவை எல்லாமே ஒட்டுக்கட்டி வளர்த்த, ஒரே மரபுள்ள மரங்கள். அதனால்தான் ஓர் ஊரில் ஏறக்குறைய ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டுகின்றன. மற்ற வகைகளைத் தெரிந்து வைத்திருப்பவருக்குப் பருவம் மூன்று மாதம்.

முன்னால் வருவது இசு தீபகற்பத்தின் கவாசு ஊரில். பிப்ரவரியிலேயே அடர் இளஞ்சிவப்பாகப் பூக்கும். தொங்குகிளை வகையான ஷிதாரே, சோமெய் யோஷினோவுக்குச் சில நாள் முந்தும். டோக்கியோவில் அதற்கு ரிகுகியென் தோட்டம். பின்னால் வருவது பல அடுக்கு இதழ் கொண்ட யாஎசகுரா. ஷின்ஜுகு கியோஎன்னில் ஏப்ரல் நடுவிலிருந்து பார்க்கலாம், கூட்டமும் குறைந்திருக்கும், குளிரும் விட்டிருக்கும். வேலை மும்முரத்தில் மார்ச்சைக் கோட்டைவிட்டவர்களை நான் நேராக இங்கேதான் அனுப்புகிறேன். ஒசாகா பக்கம் இருப்பவர்களுக்கு நாணயச்சாலை நடைபாதை உண்டு. ஏப்ரலில் ஒரு வாரம்போலத்தான் திறப்பார்கள், முன்பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவைத் துரத்திக்கொண்டு வடக்கே போவதும் நல்ல வழிதான். பயணச்சீட்டு விஷயத்தில் ஒன்று நினைவிருக்கட்டும்: நாடு முழுக்கச் செல்லும் ஜப்பான் ரயில் பாஸ் குறுகிய கால விசாவில் வரும் வெளிநாட்டவர்களுக்கானது, வசிப்பு அட்டை வைத்திருக்கும் நமக்குக் கிடையாது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு அதை எடுத்துவிட்டு, உங்களுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். அவசரமில்லாதவர்களுக்கு செய்ஷுன் 18 சீட்டு இருக்கிறது. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சாதாரண ரயில்களில் தொடர்ந்து 3 அல்லது 5 நாள் போகலாம், வசந்த காலப் பதிப்பு ஏப்ரல் 10 வாக்கில் முடிந்துவிடும்.

அஓமோரியில் ஹிரோசாகி கோட்டைக்கு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே தொடக்கம்வரை வரும் கோல்டன் வீக் விடுமுறையில் போகலாம் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். அண்மை வருடங்களில் ஏப்ரல் 29க்கு முன்பே அங்கே பூ முடிந்துவிட்ட வருடங்கள் உண்டு. ஏப்ரல் 20ஐ ஒட்டிய வார இறுதிக்கு ஒரு அறையும், விடுமுறைக்கு ஹோக்கைதோவின் ஹகொதாதேயில் ஒரு அறையும் ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். ஏப்ரல் தொடக்க முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒன்றை ரத்து செய்துவிடலாம். ரத்துக் கட்டணம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.